புதுக் கணினி பிறகு கேட்போம், முதலில் அந்த அறையின் பூட்டைத் திறப்போம்



பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள். எங்கள் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்ட விடயம்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரம். யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கமிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி வந்து இறங்குகிற எங்களுக்கு அன்றைக்கு முதல் வேலை கணினி அறையைத் திறப்பது. சாவியைத் தேடி எடுக்கவே ஒரு பாடவேளை போய்விட்டது. கதவைத் திறந்ததும் ஈரச் சீலை மணம். மேசைகளில் பல்லி எச்சம். துணி போர்த்தியபடி 12 கணினிகள். ஒவ்வொன்றாகச் சுவிச்சைப் போட்டுப் பார்த்தோம். 5 எழும்பின. 7 எழும்பவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது: "ரீச்சர், இதெல்லாம் செத்துப்போச்சோ?"

பின்னேரமே ஒரு பெரியவர் யோசனை சொன்னார்: "உதுகளை விடுங்கோ. வெளிநாட்டுக்கு ஒரு கோல் எடுத்தால் புதுசு பத்து அனுப்புவினம். பெயர் போட்டு, படம் எடுத்து, முகநூலில போட்டுவிடுவம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கோல் எடுத்தால் உண்மையில் வந்தும் இருக்கும். ஆனால் அன்றைக்கு நாங்கள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அடுத்த சனிக்கிழமை, அதிபரிடம் சொல்லிவிட்டு, பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு அந்த ஏழையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். நாங்கள் யாரும் கணினிப் பொறியியலாளர்கள் இல்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடப்புத்தகமும், ஒரு ஸ்குறூ டிரைவரும், ஒரு பெயின்ற் பிரஷும், பென்சில் அழிக்கிற ஒரு றப்பரும்தான் எங்கள் ஆயுதம்.

ஒன்றில் கணினியில் பிழையே இல்லை. செருகியிருந்த நீட்டுப் பலகையின் துவாரத்துக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. வேறு பிளக்கில் போட்டதும் எழும்பியது. இரண்டில் மதர்போர்ட்டில் இருக்கிற காசு வடிவப் பற்றரி தீர்ந்திருந்தது. ஒன்றில் றாம் கழன்றும் களிம்பு பிடித்தும் இருந்தது. ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கின் வயர் இளகியிருந்தது. ஐந்து சரி.

மிச்சம் இரண்டு. ஒன்றில் பவர் சப்ளை போய்விட்டது. மற்றதில் மதர்போர்ட்டே பச்சை பூத்துக் கிடந்தது, அது உண்மையில் செத்ததுதான். செத்ததின் பவர் சப்ளை நல்லதாக இருந்ததால் அதைக் கழற்றி மற்றதில் போட்டோம். அது உயிர் வந்து, வின்டோஸ் தொடங்கப்போய், திரும்பத் திரும்ப நின்று தொடங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு இன்னும் மல்லுக்கட்டுகிறோம்.

அதாவது 12 இல் 5 என்று இருந்தது ஒரே சனிக்கிழமையில் 12 இல் 10 ஆயிற்று. செலவு இரண்டு பற்றரி. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கொத்துரொட்டியின் விலை வராது.

உறவுகளே, எங்கள் கருத்து இதுதான். தீவகத்தில் கணினிகள் பாவித்துக் கெடுவதைவிடப் பாவிக்காமல் கெடுவதுதான் கூட. பூட்டு, உப்பு, பயம் மூன்றும் சேர்ந்துதான் அவற்றைக் கொல்லுகின்றன. இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிது பத்து வாங்கி வைத்தால், மூன்று வருடத்தில் அந்தப் பத்தும் அதே ஈரச் சீலை மணத்தோடு அதே அறையில் கிடக்கும்.

உப்பை முதலில் பார்ப்போம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். சோளகம் தூசியையும் உப்பையும் கொண்டுவரும், வாடையும் மாரியும் ஈரத்தைக் கொண்டுவரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற சாமான். சமையலறையில் உப்புப் போத்தல் மாரியில் கசிவதை எல்லா அம்மாமாரும் கண்டிருப்பார்கள். அதே கசிவுதான் கணினிக்குள்ளும். கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும், உலோக முனைகளை அரிக்கும். கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதன் சொந்தச் சூடே அந்த ஈரத்தை விரட்டிவிடும். ஓடாமல் துணி போர்த்திப் பூட்டிவைத்தால் ஈரத்தை நாங்களே உள்ளே அடைத்துவைக்கிறோம்.

அடுத்தது அந்தப் பற்றரி. சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ற்று. கணினி நிறுத்தியிருக்கிற நேரத்திலும் திகதியையும், எதிலிருந்து தொடங்குவது என்ற சில அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. கணினி சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கும்போது அந்தப் பற்றரிக்குப் பெரிய வேலை இல்லை. பிளக்கைக் கழற்றி மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் முழுச் சுமையும் அதன் தலையில். அது தீர்ந்ததும் கணினி பழைய ஒரு ஆண்டின் முதலாம் திகதியைக் காட்டும், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி எஃப் 1 ஐ அமுக்கச் சொல்லும், சிலவேளை வின்டோஸ் இருக்கிற இடமே தெரியாமல் நிற்கும். பார்க்கிறவர்கள் "போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். போனது ஒரு பொட்டுப் பற்றரி.

மூன்றாவது மின்சாரம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. போகும்போதை விடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து கூட, ஏனென்றால் வருகிற கரண்ட் ஏறி இறங்கி வரும். கரண்ட் போனவுடன் சுவரில் சுவிச்சை நிறுத்துங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இடி முழக்கம் தொடங்கினால் பிளக்கையும், இன்ரநெற் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு உறவுகளின் நிலை இன்னும் வேறு. தேசிய மின்வலையமைப்போடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள் அவை. அங்கே காற்று, சூரிய சக்தியோடு சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியில் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இனி, வீட்டில் ஒரு கணினி எழும்பாவிட்டால் என்ன செய்வது? எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லுகிறோம். ஒழுங்கு முக்கியம். காய்ச்சல் என்றால் முதலில் வெப்பம் பார்ப்போம், எடுத்தவுடன் சத்திரசிகிச்சை செய்வதில்லை. இதுவும் அப்படித்தான், வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

1. ஒரு சத்தமும் இல்லை, ஒரு வெளிச்சமும் இல்லை என்றால், கணினியை விடுங்கள், முதலில் பிளக்கைப் பாருங்கள். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் போட்டு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வயரை மாற்றிப் பாருங்கள். கணினியின் பின்பக்கம், பவர் சப்ளையில் ஒரு சின்னச் சுவிச் இருக்கும். கூட்டுகிறவர்களின் கைபட்டு அது நின்றிருக்கும்.

கனடாவிலிருந்து பழைய மேசைக் கணினி வந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, எங்களுடையது 230. சில பழைய பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்புச் சுவிச் இருக்கும். அது 115 இல் இருக்க, எங்கள் பிளக்கில் செருகினால் ஒரே வெடி. அன்போடு அனுப்பிய சாமான் முதல் நாளே புகையாகப் போய்விடும். பிளக்கில் செருகுமுன் பாருங்கள்.

2. காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், மொனிற்றருக்குத் தனியாகக் கரண்ட் வருகிறதா, அதன் வயர் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, முன்னால் இருக்கிற பொத்தானைப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கிற மின் போய்விடும். பிறகு செருகிப் போடுங்கள். இதிலேயே எழும்புகிற கணினிகள் உண்டு.

எழும்பாவிட்டால் பெரும்பாலும் றாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்து, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டு உடம்பில் இருக்கிற நிலைமின்னைப் போக்கிவிட்டு, றாமின் இரண்டு கரையிலும் உள்ள கொளுக்கியை விலக்கி வெளியில் எடுங்கள். பொன்னிறமான பற்களை விரலால் தொடாதீர்கள், எங்கள் வியர்வையிலும் உப்புத்தான். றப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, திரும்பச் செருகுங்கள். "டக்" என்று இரண்டு கொளுக்கியும் பூட்ட வேண்டும். இரண்டு றாம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது நல்லது எது கெட்டது என்று தெரியும். சில பழைய கணினிகள் றாம் சரியில்லாவிட்டால் "பீப், பீப்" என்று கத்தும். அது அழுவது வருத்தத்தைச் சொல்லத்தான், கவனித்துக் கேளுங்கள்.

3. கொம்பனியின் சின்னம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது என்றால், முதலில் பென்ட்ரைவ் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், கணினி அந்தப் பென்ட்ரைவிலிருந்து தொடங்கப் பார்த்து நின்றிருக்கும். பிறகு திகதியைப் பாருங்கள். திகதி பிழையென்றால் பற்றரி. பற்றரி மாற்றியும் திகதியைத் திருத்தாமல் விட்டால் இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். அதையும் வைரஸ் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். திகதி சரி, ஆனால் தொடங்க ஒன்றும் இல்லை என்று திரை சொன்னால் ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றி இறுக்கிச் செருகுங்கள்.

4. வின்டோஸ் வரையும் வந்து, சுற்றிச் சுற்றித் திரும்பத் தொடங்குகிறது என்றால், இயந்திரம் பெரும்பாலும் நல்லது, உள்ளே இருக்கிற மென்பொருளில் சிக்கல். இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைப்பட்டால் வின்டோஸ் 10 உம் 11 உம் தாமாகவே திருத்தும் திரையைக் காட்டும். அதில் பாதுகாப்பு முறைக்குள், அதுதான் "சேஃப் மோட்", போய், கடைசியாகப் போட்ட மென்பொருளை நீக்கிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின் தங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது அழிகிறது.

இங்கேதான் இந்தப் பதிவின் மிக முக்கியமான விடயம் வருகிறது. அதை ஒரு சம்பவத்தோடு சொல்லுகிறோம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கதை ஊருக்குள் பரவிவிட்டது. ஒரு அக்கா ஓட்டோவில், அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு கணினியைக் கொண்டுவந்தா. ரவுணில் ஒரு கடையில் காட்டியிருக்கிறா. மதர்போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கோ என்று சொல்லிவிட்டார்களாம். சொந்தக்காரப் பொடியன் ஒருவன், "எதுக்கும் போமற் அடிச்சுப் பாப்பம்" என்று பென்ட்ரைவோடு வந்திருக்கிறான். திரையே வராததால் அவனால் அடிக்க முடியவில்லை.

நாங்கள் திறந்து பார்த்தோம். றாம். தேய்த்துப் போட்டதும் சின்னம் வந்தது. திகதி பல வருடம் பின்னுக்கு நின்றது. பற்றரி மாற்றினோம். வின்டோஸ் வந்தது.

அக்கா மெதுவாகச் சொன்னா: "அவற்றை படமெல்லாம் உதுக்குள்ளதான் ரீச்சர். மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு எடுத்தது. அதுக்குப் பிறகு அவர் படத்துக்கு நிக்கேல்லை."

கணவர் இல்லாமல் போனது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் படங்களை அவ பார்க்கட்டும் என்று நாங்கள் வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அன்றைக்கு அந்தத் திரை முதலே வந்திருந்தால் பொடியன் போமற் அடித்திருப்பான். கணினி புதிது போல ஓடியிருக்கும். படங்கள் போயிருக்கும்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறோம். "போமற்" என்ற சொல் கடைசிச் சொல்லாக இருக்கட்டும். யாராவது முதல் வார்த்தையாக அதைச் சொன்னால், "உள்ளே இருக்கிறதை முதலில் வெளியில எடுத்துத் தாங்கோ" என்று சொல்லுங்கள். எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் செருகி எடுக்கலாம். லினக்ஸ் போட்ட ஒரு பென்ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்கியும் எடுக்கலாம். எடுத்த பிறகு என்னவும் செய்யுங்கள்.

கடதாசி இல்லாமல் போவது என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் தீவக மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். உறுதியும், பிறப்புச் சான்றிதழும், கலியாணப் படமும் இல்லாமல் வாழ்ந்த குடும்பங்கள் உங்களிலும் உண்டு, எங்களிலும் உண்டு. இன்றைக்கு அதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கிறது. ஒரு பிரதி வேறு இடத்தில் இல்லையென்றால், அது இருந்தும் இல்லாததுதான்.

சிலர் கேட்பார்கள், இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை அல்லவா என்று. 2024 யூலை 19 ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. அவற்றில் எத்தனையோ கணினிகளை எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் போய் இருந்து, பாதுகாப்பு முறைக்குள் நுழைந்து, ஒரேயொரு கோப்பை அழித்து, திரும்பத் தொடக்கினார். எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. ஒழுங்கு தெரிந்திருந்தால் போதும்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2018 இலிருந்து அங்கே உயர்நிலைப் பாடசாலைகளில் "லிட்டில் கைற்ஸ்" என்ற மாணவர் கழகங்கள் இயங்குகின்றன. வன்பொருளும், இலத்திரனியலும், இணையப் பாதுகாப்பும் பிள்ளைகளுக்கே பழக்குகிறார்கள். அரசாங்கம் பிள்ளையை நம்பிக் கையில் கொடுத்திருக்கிறது.

எங்களிடம் அந்தக் கைப்பழக்கம் இல்லாமலா இருந்தது? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவதே தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தவர்கள், சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் உங்கள் அப்பாமார். எங்கள் குடும்பங்கள் அப்போது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தன. அங்கே எங்கள் வாப்பாமாரும் உடைந்ததைப் பொருத்தித்தான் காலம் தள்ளினார்கள். பற்றரி கிடைக்காத காலத்தில் எல்லாவற்றையும் ஓடவைத்த சமூகம், கடைக்குக் கடை பற்றரி தொங்குகிற காலத்தில் ஒரு பற்றரிக்காகக் கணினியைத் தூக்கி எறிவது சரியா?

எதிர்க்கருத்தும் இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். "பாடசாலைக் கணினி அரசாங்கச் சொத்து. பிள்ளைகள் உடைத்தால் யார் பதில் சொல்லுவது? பதிவேட்டில் 12 என்று இருந்தால் 12 உம் இருக்க வேண்டும்." இந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். உத்தரவாத முத்திரை ஒட்டியிருக்கிற கணினியை நாங்களும் தொடுவதில்லை. அதிபருக்குத் தெரியாமல் ஒரு மூடியையும் திறப்பதில்லை. ஒரு கணினியின் பாகத்தை இன்னொன்றுக்கு மாற்றினால் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். பதிவேட்டில் 12 ஆகவும், வகுப்பில் 5 ஆகவும் இருப்பதற்கு யார் பதில் சொல்லுவது? ஒரு கணினிக்கு நான்கு பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்து, ஒருவர் விசைப்பலகையைத் தொட மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் நட்டம் எந்தப் பதிவேட்டில் எழுதப்படுகிறது?

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை.

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும்: விடுமுறையிலும் கிழமைக்கு ஒருநாள், இரண்டு மணித்தியாலம், கணினி அறையைத் திறந்து யன்னலைத் திறந்து எல்லாக் கணினியையும் ஓடவிட வேண்டும். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையென்றால் முதலில் காற்றோடவிட்டு, உள்ளே ஈரம் இல்லையென்று பார்த்துப் போடுங்கள். மாறி மாறி இரண்டு பேர் வந்தால் போதும்.

ஒவ்வொரு கணினி அறைக்கும் ஒரு பிஸ்கட் ரின் வேண்டும். அதற்குள் ஐந்தாறு 2032 பற்றரி, ஒரு றப்பர், ஒரு பிரஷ், ஸ்குறூ டிரைவர், ஒரு மேலதிக மின்வயர், ஒரு ஹார்ட் டிஸ்க் வயர், நல்லதென்று சோதித்த ஒரு றாம், வின்டோஸ் ஒன்றும் லினக்ஸ் ஒன்றுமாக இரண்டு பென்ட்ரைவ். அவ்வளவுதான். கூடவே ஒரு கொப்பி. எந்தக் கணினிக்கு எந்தத் திகதியில் என்ன வந்தது, என்ன செய்தோம் என்று பிள்ளைகளே எழுத வேண்டும். அடுத்த முறை பாதி வேலை அந்தக் கொப்பியிலேயே முடிந்துவிடும்.

சனசமூக நிலையங்களுக்கு: மாதத்தில் ஒரு சனிக்கிழமை மண்டபத்தையும் ஒரு மேசையையும் தாருங்கள். எழும்பாத கணினியை யாரும் கொண்டுவரலாம். நாங்கள் வருகிறோம், பிள்ளைகள் வருவார்கள். காசு இல்லை. திருத்த முடியாவிட்டாலும், உள்ளே இருக்கிற படத்தையும் கடதாசியையும் எடுத்துத் தரப் பார்ப்போம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு: உங்கள் அன்பை நாங்கள் மறுக்கவில்லை. நீங்கள் அனுப்பிய கணினிகளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அடுத்த முறை பத்துக் கணினி அனுப்ப நினைத்தால், ஒன்பது அனுப்பி, பத்தாவதின் காசைப் பராமரிப்புக்கென்று ஒதுக்குங்கள். யூ.பி.எஸ்., ஒழுங்கான எர்த் வயர், பற்றரி, யன்னலுக்கு வலை. அதற்கு நாடா வெட்டிப் படம் எடுக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒன்பதும் பத்து வருடம் ஓடும்.

இன்னொன்று. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு முடிந்தது. பல பழைய கணினிகள் வின்டோஸ் 11 ஐ ஏற்காது. "இனி உதவாது, எறியுங்கோ" என்று சொல்லுவார்கள். எறிய வேண்டாம். லினக்ஸ் போட்டால் கட்டுரை எழுதவும், கணக்குத் தாள் செய்யவும், இணையம் பார்க்கவும் அவை இன்னும் தாராளமாகப் போதும்.

அன்றைக்கு "செத்துப்போச்சோ" என்று கேட்ட பிள்ளைதான் அடுத்த சனிக்கிழமை றாமைக் கழற்றியது. கை நடுங்கியது. சின்னம் திரையில் வந்தபோது கத்தவில்லை, துள்ளவில்லை. பக்கத்துக் கணினியைப் பார்த்து, "ரீச்சர், அதையும் கழட்டிப் பாப்பமோ?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அந்தக் கோலை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில், உங்கள் பாடசாலையில், உங்கள் வாசிகசாலையில் எழும்பாமல் கிடக்கிற கணினி எத்தனை? கீழே எழுதுங்கள். என்ன அறிகுறி காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்லுகிறோம். எங்களை விடக் கூடத் தெரிந்தவர்கள் எங்கள் பிழையைத் திருத்துங்கள், சந்தோசம்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள்.